பிரபஞ்சம் தோன்றிய கதையை மனிதன் எப்படி அறிந்தான்?

(திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத் தோழர்கள் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

மில்லில் ஷிப்டு முடிந்து வந்தவர்களும், நடவு வயலிலிருந்து கரையேறி வந்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் கூட்டம் இது. இங்கே வந்து நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு கேள்விகள் நம் காதுக்கு எட்டிவிட்டன. மில் தோழர் ஒருவர் கேட்டார்: "பிரபஞ்சம் எப்போது உண்டானால் நமக்கென்ன? போனஸ் கூடுமா? கூலி கூடுமா?" ஸ்ரீரங்கத்துப் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவர் கேட்டார்: "வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பார்க்கப் போகிறவன் நான். உலகத்தைப் பெருமாள் படைத்தார் என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கையைப் பிடுங்கத்தான் இந்தக் கூட்டமா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் முடிவில் பதில் சொல்வோம். இவை போக, நமக்கு ஒரு பழைய கடனும் இருக்கிறது. இந்த விஷயத்தில் நாமே ஒரு காலத்தில் தவறாகச் சொல்லிக் கொடுத்தோம். அதையும் இன்று சபையில் வைத்துத் தீர்த்துவிட வேண்டும்.

நாமும் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள்தான். ஆகவே பெரிய கணக்குகளைப் போட்டுக் காட்டப் போவதில்லை. பஞ்சாயத்தில் செய்வது போல, சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். அவர்கள் சொல்வதைக் கேட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தூரத்தைப் பார்த்தால் பழமையைப் பார்க்கலாம்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குத் தெற்கு வாசல் வழியாகப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? 13 நிலைகள் கொண்ட, 236 அடி உயரமுள்ள ராஜகோபுரத்தை. பார்த்த மாத்திரத்தில் ஆயிரம் வருஷத்துக் கோபுரம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். உள்ளூர்க்காரருக்கு உண்மை தெரியும். பல நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்றதை முடித்து, கும்பாபிஷேகம் செய்தது 1987ல். அதைத் தாண்டி, சுற்றுச் சுற்றாக உள்ளே போகப் போக, பொதுவாகக் கட்டடங்களின் வயது கூடிக்கொண்டே போகிறது. நாம் நடப்பது கல் தரையில்தான். ஆனாலும் காலத்தில் பின்னோக்கிப் போகிறோம்.

வானமும் அப்படித்தான். அங்கே உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். ஒளி ஒரு விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. இவ்வளவு வேகமாக ஓடினாலும் சூரியனிலிருந்து நம்மிடம் வந்து சேர அதற்கு 8 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படியானால் நாம் காணும் சூரியன் 8 நிமிஷத்துக்கு முந்திய சூரியன். நமக்கு அருகிலுள்ள பெரிய நட்சத்திர மண்டலத்துக்கு ஆண்ட்ரமீடா என்று பெயர். அதன் ஒளி நம்மிடம் வர 25 லட்சம் வருஷங்கள் ஆகின்றன. மனித இனம் தோன்றுவதற்கு முன்பு அங்கிருந்து கிளம்பிய ஒளி, இன்று நம் கண்ணில் விழுகிறது. எவ்வளவு தூரத்தைப் பார்க்கிறோமோ அவ்வளவு பழமையைப் பார்க்கிறோம். இந்த ஒன்றை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

ஒளிக்கும் ரேகை உண்டு

நட்சத்திரத்தைத் தொட்டவர் யாருமில்லை. பிறகு அது எதனால் ஆனது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ந் தேதி பிறந்தவர் சி.வி. ராமன். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டு, ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஆராய்ந்தவர். ஒரு பொருளின் வழியாகப் போய்ச் சிதறும் ஒளியில் அந்தப் பொருளின் அடையாளம் ஏறிக்கொள்கிறது என்று 1928ல் கண்டுபிடித்தார். 1930ல் நோபல் பரிசு பெற்றார். ஒளியை விசாரித்தால் அது உண்மையைக் கக்கும் என்பதற்கு, நம்மூர்ப் பிள்ளையின் ஆராய்ச்சியே சாட்சி.

கூலிப் பேரேட்டில் பெருவிரல் ரேகை வைக்கிறோமே, அது ஆளுக்கு ஆள் வேறு. அதே போல ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஒளியில் ஒரு ரேகை உண்டு. வெயிலை மூன்று பட்டைக் கண்ணாடி வழியாகச் செலுத்தினால் வானவில் போல நிறங்கள் விரிகின்றன. கருவியைக் கொண்டு உற்றுப் பார்த்தால் அந்த நிறங்களுக்கு நடுவே கோடுகள் தெரிகின்றன. இந்தக் கோடு இரும்பு, இந்தக் கோடு ஹைட்ரஜன் என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

1868 ஆகஸ்ட் 18ந் தேதி முழுச் சூரிய கிரகணம் ஏற்பட்டது. குண்டூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் பார்த்துக்கொண்டிருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவர் போக்சன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பு ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. பூமியில் அறிந்த எந்தப் பொருளின் ரேகையோடும் அது ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர், இது புதுப் பொருள் என்று சொல்லி அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார். பூமியில் அதே பொருள் கைக்குக் கிடைத்தது 1895ல். இந்த ஹீலியத்தையும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் கடைசியில் முக்கியமான சாட்சியாக வரப்போகிறது.

ரயில் ஊதல் சொல்லும் உண்மை

பொன்மலைப் பணிமனைத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லெவல் கிராஸிங்கில் நிற்கிறோம். எக்ஸ்பிரஸ் வண்டி ஊதிக்கொண்டே வருகிறது. வரும்போது ஊதல் கீச்சென்று இருக்கிறது. நம்மைத் தாண்டிய மறு விநாடியே சுருதி இறங்கிவிடுகிறது. டிரைவர் ஊதலை மாற்றவில்லை. வரும் வண்டி ஒலி அலைகளை நெருக்கித் தள்ளுகிறது, போகும் வண்டி அலைகளை இழுத்து நீட்டுகிறது. 1842ல் டாப்ளர் என்பவர் இதைச் சொன்னார். 1845ல் ஹாலந்து நாட்டில் ரயில் வண்டியில் வாத்தியக்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லிப் பரிசோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

ஒளியும் அலைதான். ஒளி வீசும் பொருள் நம்மை விட்டு விலகிப் போனால் ஒளியலை நீண்டு, அதன் ரேகைக் கோடுகள் சிவப்பு நிறத்தின் பக்கம் நகரும். நெருங்கி வந்தால் நீலத்தின் பக்கம் நகரும்.

இந்த முறை நம் நாட்டில் புழங்காத ஒன்றல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நம் ஜனங்களை லட்சக்கணக்கில் கொன்றது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது. 1899ல் கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வுக் கூடம் நிறுவப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே 1909ல் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டார். எப்படிக் கண்டார்? இதே கோடுகள் நகர்வதைப் பார்த்துத்தான்.

கழுதை ஓட்டியவரும் கணக்குப் பார்த்த பெண்ணும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்லைபர் என்பவர் தூரத்து நட்சத்திர மண்டலங்களின் ஒளியை ஆராய்ந்தார். அநேகமாக எல்லாவற்றின் கோடுகளும் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அதாவது அவை நம்மை விட்டு ஓடுகின்றன. ஆனால் அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? தூரம் தெரியாமல் ஓட்டத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

தூரத்தை அளக்கும் முழக்கோலைக் கொடுத்தவர் ஹென்ரியட்டா லீவிட் என்ற பெண். ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்குப் புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டுக் கணக்கெழுதியவர். காது மந்தமானவர். சில நட்சத்திரங்கள் பிரகாசம் கூடிக் குறைந்து துடிக்கின்றன. துடிப்பு எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ, அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் அவ்வளவு அதிகம் என்று 1912ல் அவர் நிலைநாட்டினார். அரிக்கேன் விளக்கின் உண்மையான வெளிச்சம் தெரிந்தால், அது மங்கித் தெரிவதை வைத்து எத்தனை வயல் தாண்டி இருக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? அதே கணக்குத்தான்.

இந்த முழக்கோலை எடுத்துக்கொண்டு, மவுண்ட் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் ஹப்பிள் என்பவர் அளந்தார். ஆண்ட்ரமீடா நம் நட்சத்திரக் கூட்டத்துக்கு வெளியே இருக்கும் தனிக் கூட்டம் என்று 1920களின் நடுவில் நிரூபித்தார். அவருடைய கூட்டாளி யார் தெரியுமா? மில்ட்டன் ஹூமசன். 14 வயதில் படிப்பை விட்டவர். அந்த மலையில் வானாய்வுக் கூடம் கட்டும்போது கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப் போனவர். பிறகு அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, இரவு உதவியாளராகி, கடைசியில் மிக மங்கலான மண்டலங்களின் ஒளியைப் பல இரவுகள் விழித்துப் படம் பிடிப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று பெயர் வாங்கியவர்.

1929ல் ஹப்பிள் முடிவை வெளியிட்டார். தொலைவு இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்கு. அடுத்த வருஷங்களில் ஹூமசனின் அளவுகள் இதை இன்னும் தூரத்துக்கு நீட்டி உறுதி செய்தன.

அப்படியானால் பிரபஞ்சத்தின் நடுவில் நாம் இருக்கிறோம், எல்லாம் நம்மை விட்டு ஓடுகிறது என்று அர்த்தமா? இல்லை. வீட்டில் அப்பளம் பொரிப்பதைப் பாருங்கள். எண்ணெயில் போட்டதும் அப்பளம் விரிகிறது. அதில் ஒட்டிய சீரகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. எந்தச் சீரகத்தின் மேல் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை எல்லாம் தன்னை விட்டு ஓடுவதாகத்தான் தெரியும். தூரத்துச் சீரகம் அதிகமாக விலகும். சீரகம் ஓடவில்லை, அப்பளம் விரிகிறது. அதே போல இடைவெளியே விரிகிறது. அப்பளத்துக்கு விளிம்பு உண்டு. பிரபஞ்சத்துக்கு விளிம்பு இருப்பதாக எந்த ஆதாரமும் கிடையாது. உவமையை அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதைக் கணக்கில் முன்கூட்டியே கண்டவர்கள் இருவர். ஒருவர் பெத்ரோகிராத் நகரத்து அலெக்சாண்டர் ஃபிரீட்மன். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் ஓய்ந்தும் ஓயாத 1922ல், ஐன்ஸ்டீனின் சூத்திரங்களை வைத்தே பிரபஞ்சம் விரியக் கூடும் என்று காட்டினார். ஐன்ஸ்டீன் முதலில் தவறு என்றார். 1923ல் தன் கணக்கில்தான் பிழை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஃபிரீட்மன் 1925ல் டைபாய்டு கண்டு 37 வயதில் இறந்துபோனார். இன்னொருவர் பெல்ஜியத்து லெமேத்ர், 1927ல் அதே முடிவுக்கு வந்தவர். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

தாயைவிட மூத்த மகள்

விரிவதைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் நெருங்கி வர வேண்டும். எப்போது நெருங்கியிருந்தது என்று கணக்குப் போட்டார்கள். ஹப்பிளின் அளவுப்படி சுமார் 200 கோடி வருஷம் வந்தது. இங்கேதான் பெரிய சங்கடம். பாறைகளில் உள்ள கதிரியக்கத்தை வைத்துக் கணித்த பூமியின் வயது அதைவிட அதிகமாக இருந்தது. தாயைவிட மகள் மூத்தவளா? இது வெறும் பேச்சல்ல, சித்தாந்தத்தையே கவிழ்க்கக்கூடிய ஆட்சேபம்.

1948ல் இங்கிலாந்தில் ஹாயில், பாண்டி, கோல்டு என்ற மூவர் வேறொரு வழி சொன்னார்கள். பிரபஞ்சம் விரிவது நிஜம்; ஆனால் விரியும் இடைவெளியில் புதுப்புதுப் பொருள் உண்டாகிக்கொண்டே இருக்கிறது; ஆகவே அது என்றும் ஒரே மாதிரி இருக்கிறது, தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்றார்கள். இதற்கு மாறாத நிலைச் சித்தாந்தம் என்று பெயர். எதிர்த்தரப்புக் கருத்துக்குப் 'பெருவெடிப்பு' என்ற பெயரை 1949ல் ரேடியோப் பேச்சில் கொடுத்தவரும் ஹாயில்தான். 1960களில் அவருடன் சேர்ந்து உழைத்தவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜெயந்த் நர்லிகர்.

பின்னர் 1952ல் வால்ட்டர் பாடே என்பவர், முழக்கோலிலேயே பிழை இருக்கிறது, தூரங்கள் இரண்டு மடங்கு என்று காட்டினார். அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்தன. வயது ஏறிக்கொண்டே போனது. தாய் தாயாகவும் மகள் மகளாகவும் ஆனார்கள். சங்கடம் தீர்ந்தது. ஆனால் இரண்டு சித்தாந்தங்களில் எது சரி என்ற வழக்கு தீரவில்லை.

சாட்சியை மிரட்டியவர்கள்

இந்த வழக்கில் விஞ்ஞானத்துக்கு வெளியே இருந்தும் கைகள் நீண்டன. 1951 நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானம் கண்ட தொடக்கம் வேதம் சொல்லும் சிருஷ்டிக்குச் சாட்சி என்கிற பொருளில் பேசினார். இதில் மகிழ்ச்சியடையாதவர் யார் தெரியுமா? பாதிரியார் லெமேத்ர்தான். தன் சித்தாந்தம் மதக் கேள்விகளுக்கு அப்பாற்பட்டது என்பது அவர் நிலை.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1947 ஜூனில் சோவியத் தத்துவவாதிகள் கூட்டத்தில் பேசிய ஷ்தானவ், ஐன்ஸ்டீனைப் பின்பற்றுகிறவர்களில் பலர் உலகத்துக்குக் கால எல்லையும் இட எல்லையும் கற்பிக்கிறார்கள் என்று சாடினார். பொருள் என்றும் உள்ளது, ஆகவே பிரபஞ்சத்துக்கு வயது சொல்கிறவன் மதத்துக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்ற நினைப்பு பரவியது. ஃபிரீட்மன் பிறந்த மண்ணிலேயே அவருடைய கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசப் பல வருஷங்கள் தயங்கினார்கள். 1960களில் ஸெல்டோவிச் போன்றவர்கள் கைவைத்த பிறகே அங்கே அந்தத் துறை தழைத்தது.

தோழர்களே, அந்த நினைப்பு நம்மையும் பிடித்திருந்தது. பழைய பிரசுரங்களைப் பார்த்து நாம் வகுப்பெடுத்த காலத்தில், "பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்பது பாதிரிகளின் சரக்கு" என்று சொல்லிக் கொடுத்தோம். நூற்புப் பகுதியில் வேலை செய்த இளம் தோழர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் ஒளியின் கோடுகள் ஏன் சிவப்புப் பக்கம் நகர்கின்றன?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இதெல்லாம் முதலாளித்துவ விஞ்ஞானம், உட்காருங்கள்" என்றோம். அவர் உட்கார்ந்தார். அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை. கேள்வி கேட்டவரை உட்கார வைத்தது நம்முடைய பிழை. அதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது.

பெரிய மனிதர் சொன்னார் என்பது சாட்சியாகாது என்பதற்கு ராமன் குடும்பத்திலேயே இன்னொரு கதை உண்டு. ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930ல், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கப்பலிலேயே கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் எடை, சூரியனின் எடையைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் அது நிலைத்து நிற்க முடியாது, மேலும் நொறுங்கும் என்று கண்டார். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் அதை வெளியிட்டபோது, அக்காலத்தின் மாபெரும் வானியல் மேதை எடிங்டன் எழுந்து கேலி செய்தார். சபை மேதையின் பக்கம் இருந்தது. உண்மை இளைஞரின் பக்கம் இருந்தது. 1983ல் நோபல் பரிசு வந்தது. இடைப்பட்டது 48 வருஷம்!

ஊட்டி மலைச் சரிவில் ஒரு சாட்சி

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். மாறாத நிலைச் சித்தாந்தம் சரியானால், பழைய காலத்துப் பிரபஞ்சமும் இன்றைய பிரபஞ்சமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தூரம் என்றால் பழமை என்று முடிந்து வைத்தோமே, அதை இங்கே அவிழ்ப்போம். மிகத் தூரத்தில் இருப்பவற்றைப் பார்த்து, அருகில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் வழக்கு தீரும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போலவே ரேடியோ அலைகளும் வானத்திலிருந்து வருகின்றன. அவற்றைப் பிடிக்க ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை நம்மவர்களே வடிவமைத்துக் கட்டி, 1970ல் முடித்தார்கள். ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963ல் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த கோவிந்த் ஸ்வரூப் இதற்குத் தலைமை தாங்கினார். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது இது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 உருக்குச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. மில் தோழர்களே, பாவு ஓட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அந்த மலை? அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. பூமி ஓர் அச்சில் சுழல்கிறது. ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது. அதே அளவு, அதாவது 11 டிகிரி, சாய்வுள்ள மலைச் சரிவைத் தேடிப் பிடித்து, தெற்கு வடக்காகத் தொலைநோக்கியைப் படுக்க வைத்தார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. நீள அச்சில் மெதுவாகப் புரட்டினால் போதும், ஒரே நட்சத்திர மண்டலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரத்தால் செய்ய வேண்டியதை மலையின் சரிவு இனாமாகச் செய்து கொடுத்தது.

அளந்த முறையும் எளிது. சந்திரன் நகரும்போது பின்னாலுள்ள ரேடியோ மண்டலங்களை மறைக்கிறது. இரவில் வரப்பில் நின்று தூரத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கிறோம். குறுக்கே ஒரு மாட்டு வண்டி போகிறது. வெளிச்சம் சட்டென்று மறைந்தால் அது அகல் விளக்கு. கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தால் அது எரியும் வைக்கோல் போர். இதே போல, சந்திரனின் ஓரத்தில் ரேடியோ அலை எப்படி மங்கி மறைகிறது என்பதைப் பதிவு செய்து அந்த மண்டலத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். நூற்றுக்கணக்கான மண்டலங்களை இப்படி அளந்தார்கள்.

1975ல் ஸ்வரூப்பும் அவருடன் உழைத்த விஜய் கபாஹியும் முடிவுகளை வெளியிட்டார்கள். தூரத்தில் இருப்பவை, அதாவது பழங்காலத்தவை, இன்றுள்ளவற்றைப் போல இல்லை. தூரத்தால் சிறுத்துத் தெரிவதைக் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. பிரபஞ்சம் ஒரே மாதிரி இருந்து வரவில்லை. அது மாறி வளர்ந்து வந்திருக்கிறது. அதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் ரைல் என்பவர், ரேடியோ மண்டலங்களை எண்ணிப் பார்த்து இதே பக்கம் கையைக் காட்டியிருந்தார். ஊட்டியின் அளவுகள் வேறொரு வழியில் வந்து அதற்கு வலுச் சேர்த்தன.

ஓயாத இரைச்சல்

இன்னொரு பெரிய சாட்சி தானாகவே வந்து நின்றது. 1964ல் அமெரிக்காவில் பென்ஸியாஸ், வில்சன் என்ற இருவர் கொம்பு வடிவத்திலிருந்த பெரிய ரேடியோ ஏரியலை வைத்து வேலை செய்தார்கள். ஒரு மெல்லிய இரைச்சல் ஓயாமல் கேட்டது. எந்தத் திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல். இரவும் பகலும் அதே இரைச்சல். மில்லில் இயந்திரம் புதிதாக ஓர் ஓசை எழுப்பினால் ஃபிட்டர் என்ன செய்வார்? ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பார். இவர்களும் அப்படியே பார்த்தார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து வெளியேற்றினார்கள், எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் நிற்கவில்லை.

கோளாறு இயந்திரத்தில் இல்லை. ஆதியில் பிரபஞ்சம் கொதித்துக் கிடந்திருந்தால், அதன் சூடு ஆறி ஆறி இன்று மிகக் குளிர்ந்த மிச்சமாக எங்கும் பரவியிருக்க வேண்டும் என்று 1948லேயே ஆல்ஃபரும் ஹெர்மனும் கணித்திருந்தார்கள். அந்த மிச்சம்தான் இது. இன்றைய அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 270 டிகிரி சென்டிகிரேடு. அடுப்பு அணைந்து நெடுநேரமான பிறகும் கல்லைத் தொட்டால் சூடு தெரிகிறதே, அது போல. 1965ல் செய்தி வெளிவந்தது. மாறாத நிலைச் சித்தாந்தத்தால் இதற்குத் திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஹீலியம். ஆதிக் கொதிப்பில் முதல் சில நிமிஷங்களில் எவ்வளவு ஹீலியம் உண்டாகியிருக்கும் என்று கணக்கிட்டால், எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு என்று வருகிறது. வானத்தில் எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய அதே பங்குதான் இருக்கிறது. நட்சத்திரங்கள் மட்டும் இவ்வளவு ஹீலியத்தைச் சமைத்திருக்க முடியாது. அன்று கிரகணத்தில் தென்பட்ட மஞ்சள் கோட்டுக்காரன், நூறு வருஷம் கழித்து வந்து சாட்சி சொல்லிவிட்டான்.

தோற்ற கட்சிக்கும் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். இரும்பு, கரி போன்ற பொருள்களை நட்சத்திரங்களே சமைக்கின்றன என்று 1957ல் கூட்டாளிகளுடன் சேர்ந்து நிலைநாட்டியவர் இதே ஹாயில். உங்கள் கையிலுள்ள அரிவாளின் இரும்பு, சூரியன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன நட்சத்திரங்களின் உலையில் வெந்தது.

இப்போது தீர்ப்பைக் கோவையாகச் சொல்லலாம். சுமார் 1380 கோடி வருஷங்களுக்கு முன்பு பிரபஞ்சம் அளவு கடந்த நெருக்கத்திலும் வெப்பத்திலும் இருந்தது. காலி இடத்தில் வெடிகுண்டு வெடித்தது போல என்று நினைக்காதீர்கள். எல்லா இடமும் சேர்ந்தே விரிந்தது. சில நிமிஷங்களில் ஹைட்ரஜன், ஹீலியம் இவற்றின் கருக்கள் உண்டாயின. 3 லட்சத்து 80 ஆயிரம் வருஷங்களில் சூடு தணிந்து ஒளி தடையில்லாமல் ஓடத் தொடங்கியது. அதன் மிச்சமே அந்த இரைச்சல். பல கோடி வருஷங்கள் கழித்து முதல் நட்சத்திரங்கள் பிறந்தன. சுமார் 460 கோடி வருஷங்களுக்கு முன்பு நம் சூரியனும் பூமியும் உருவாயின.

இரண்டு கேள்விகளுக்குப் பதில்

ஸ்ரீரங்கத்துத் தோழரே, உங்களிடமிருந்து எதையும் பிடுங்க நாம் வரவில்லை. சாட்சிகள் சொன்னது இவ்வளவுதான்: பிரபஞ்சம் கொதித்திருந்தது, விரிந்தது, ஆறியது, மாறியது. அந்த முதல் கணத்துக்கு முன்னால் என்ன என்பது விஞ்ஞானத்தில் இன்னும் தீராத கேள்வி. சாட்சி சொன்னதற்கு மேல் நாம் பேசினால் அது பொய்ச் சாட்சியாகிவிடும். போப்பாண்டவர் பேசினாலும் சரி, ஷ்தானவ் பேசினாலும் சரி, நாம் பேசினாலும் சரி.

மில் தோழரே, இதனால் போனஸ் கூடாது. அதை நேராகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கூலிப் பேரேட்டைப் படித்துக் காட்டாமல் ரேகை வைக்க மாட்டோம் என்கிறோமே, அந்தப் பிடிவாதமும் விஞ்ஞானிகளின் பிடிவாதமும் ஒன்றுதான். யார் சொன்னார் என்று பார்க்காதே, என்ன ஆதாரம் என்று கேள் என்பதுதான் அது. கழுதை ஓட்டிய ஹூமசனும் மணிக்கூலி வாங்கிய லீவிட்டும் பிரபஞ்சத்தை அளந்தார்கள் என்றால், இங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளைகளால் ஏன் முடியாது?

ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். கார்த்திகை மாதத்தில் மேகமில்லாத, நிலா இல்லாத ராத்திரி, ஊர் வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முன்னிரவில் வடக்குப் பக்கமாக, உயரத்தில், புகை படிந்தது போல ஒரு சிறு மங்கல் தெரியும். அதுதான் ஆண்ட்ரமீடா. உங்கள் கண்ணில் விழும் அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆகிறது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அடுத்த வகுப்பில் சேர்ந்து தேடுவோம். உட்கார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் எழுந்திருக்கலாம்.